பாதியில் நிற்கும் வாஷிங் மெஷின்: எந்த இடத்தில் நிற்கிறது?

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன? "ஒன்றுதான், போன மாதம்தான் வாங்கினோம்" என்பவராக இருந்தால் குளியலறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பாருங்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, மவுஸ் இல்லை. ஆனால் பிராசசர் உண்டு, மெமரி உண்டு, அதில் எழுதி வைத்த புரோகிராமும் உண்டு. எல்லாமே மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரே சிப்பில் அடங்கிவிடும்.

மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று வாங்கிய ஒரு வாரத்திலேயே கற்றுக்கொள்கிறோம். ஆனால் வாஷிங் மெஷின் 9 நிமிடம் மீதி இருக்கும்போது தண்ணீரும் துணியுமாக அப்படியே நின்றுவிட்டால் உடனே போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவரும் வந்து, ஒரு பார்வை பார்த்து, "போர்டு போயிடுச்சு" என்கிறார். ஆயிரக்கணக்கில் ஒரு தொகை சொல்கிறார். பாதியில் நிற்கும் மெஷின்களை அக்கம்பக்கத்திலும் உறவினர் வீடுகளிலும் நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அவற்றில் உண்மையிலேயே போர்டு கெட்டுப்போனவை குறைவு. பெரும்பாலும் போர்டு தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் மெஷின் நின்றிருக்கும்.

அது எப்படி என்கிறீர்களா? மெஷினுக்குள் இருக்கும் புரோகிராமைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் போதும்.

உள்ளே ஓடும் புரோகிராம்

'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தியதும் நடப்பதை வரிசையாகச் சொல்கிறேன். கதவைப் பூட்டு. பூட்டிவிட்டதா? தண்ணீர் வால்வைத் திற. வேண்டிய அளவு நிரம்பிவிட்டதா? ஹீட்டரைப் போடு. சொன்ன சூடு வந்துவிட்டதா? டிரம்மைச் சுழற்று. சுழல்கிறதா? பம்ப்பைப் போடு. தண்ணீர் வெளியேறிவிட்டதா? மெதுவாகச் சுற்று. துணி சமமாகப் பரவியிருக்கிறதா? அப்படியானால் வேகமாகச் சுற்று.

கவனித்தீர்களா? ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சென்சார்கள். "ஆம்" என்ற பதில் வந்தால்தான் புரோகிராம் அடுத்த வரிக்குப் போகும். குறிப்பிட்ட நேரம் வரை பதில் வராவிட்டால் மெஷின் வேலையை நிறுத்திவிட்டு பீப் பீப் என்று கூப்பிடும். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'டைம் அவுட்' என்பார்கள். நெட் இணைப்பு மெதுவாக இருக்கும்போது உங்கள் பிரவுசர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கைவிடுகிறதே, அதேதான்.

ஆகவே மெஷின் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது 'எந்த இடத்தில் நின்றது' என்பதை. உள்ளே தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? துணி சொட்டச் சொட்ட இருக்கிறதா, பிழிந்திருக்கிறதா? டிஸ்பிளேயில் எத்தனை நிமிடம் மீதி? இதைக் குறித்துக்கொள்ளாமல் பவரை ஆஃப் செய்துவிட்டால் பாதித் தடயம் போய்விடும்.

பழைய மெஷின்களில் இந்த வசதி கிடையாது. பல்சக்கரம் போன்ற ஒரு டைமர் கடகடவென்று சுற்றி, நேரம் வந்ததும் சுவிட்சுகளைத் தட்டிவிடும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1974-ல் டி.எம்.எஸ். 1000 என்ற மைக்ரோகன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட மலிவான சிப்கள் ஒவ்வொன்றாக வீட்டுச் சாதனங்களுக்குள் புகுந்தன. ஒரு காலத்தில் விளம்பரங்களில் அடிக்கடி கேட்ட 'ஃபஸ்ஸி லாஜிக்' நினைவிருக்கிறதா? 1965-ல் லாட்ஃபி ஜாதே என்ற அறிஞர் முன்வைத்த கணிதம் அது. ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 1990-ல் அதை வாஷிங் மெஷினில் புகுத்தியது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நின்றதா, காத்திருக்கிறதா?

பழுது அல்லாத சில நிறுத்தங்களை முதலில் ஒதுக்கிவிடலாம். 'ரின்ஸ் ஹோல்டு' என்று ஒரு பட்டன் சில மெஷின்களில் உண்டு. அதைத் தெரியாமல் அழுத்தியிருந்தால் கடைசி அலசலுக்குப் பின் தண்ணீரோடு அப்படியே நிற்கும். துணி கசங்காமல் இருப்பதற்கான வசதி அது. 'ஸ்பின்' கொடுத்தால் தொடரும். 'சைல்டு லாக்' விழுந்திருந்தால் எந்த பட்டனும் வேலை செய்யாது. பூட்டுப் படம் எரிகிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டன்களைச் சேர்த்து சில விநாடி அழுத்தினால் விடுபடும். எந்த இரண்டு என்பதைப் பேனலிலேயே சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள்.

துவைத்து முடிந்தும் கதவு திறக்கவில்லையா? ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். ஃபிரன்ட் லோடு மெஷின்கள் பலவற்றில், கரன்ட் பாய்ந்தால் சூடாகும் ஒரு சிறு வில்லையும், சூட்டில் வளையும் ஓர் உலோகத் தகடும்தான் கதவைப் பூட்டுகின்றன. அது ஆறி நிமிரும் வரை கதவு வராது. இழுத்து உடைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, டிஸ்பிளேயில் தெரியும் நிமிடம். விண்டோஸில் ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது "இன்னும் 2 நிமிடம்" என்று காட்டிவிட்டு அங்கேயே பத்து நிமிடம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படிப்பட்ட மதிப்பீடுதான். தண்ணீர் மெதுவாக வந்தாலோ, சூடாக நேரம் எடுத்தாலோ, துணியைச் சமப்படுத்த வேண்டியிருந்தாலோ நிமிடம் நகராது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். காதை வைத்துக் கேளுங்கள்.

ஆரம்பத்திலேயே நின்றால் தண்ணீரைப் பாருங்கள்

போட்ட சில நிமிடங்களில் நின்றுவிட்டது, உள்ளே கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கிறது என்றால் விஷயம் பெரும்பாலும் குழாயில் இருக்கிறது. மெஷினின் பின்பக்கம் தண்ணீர்க் குழாய் திருகப்பட்டிருக்கும் இடத்தில் விரல்நுனி அளவு ஒரு பிளாஸ்டிக் வலை இருக்கும். போர் தண்ணீரின் மணல், பழைய இரும்புக் குழாயின் துரு, உப்பு எல்லாம் அங்கேதான் சேரும். மேல்நிலைத் தொட்டியைக் கழுவிய மறுநாள் மெஷின் நின்றது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். தண்ணீரை மூடி, பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றி, வலையைக் குறட்டால் மெதுவாக இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். வலை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். மணல் வால்வுக்குள் போனால் செலவு.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் போதவில்லை என்றால் அழுத்தம். காலையில் ஒழுங்காக ஓடும் மெஷின் மாலையில் நிற்கிறது என்று மாடி வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. அதாவது 3 மீட்டர். உங்கள் வீடு கடைசி மாடி, கூரை உயரம் 3 மீட்டர், மெஷினின் வால்வு தரையிலிருந்து 0.9 மீட்டரில் இருக்கிறது, தொட்டி மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் 1 மீட்டர் தண்ணீர் இருக்கும்போது மொத்தம் 3.1 மீட்டர். பாஸ். மாலையில் தொட்டி கால்வாசியாக இறங்கினால் சுமார் 2.3 மீட்டர். ஃபெயில். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பியதும் மெஷின் தானாகச் 'சரியாகிவிடும்'. மெக்கானிக் வரும் நேரம் பார்த்துத் தொட்டி நிறைந்திருந்தால் அவருக்கு ஒன்றும் புரியாது!

இதைச் சோதிக்க எளிய வழி: குழாயை மெஷினிலிருந்து கழற்றி 10 லிட்டர் வாளிக்குள் விடுங்கள். நிரம்ப மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனால் அந்தத் தண்ணீர் மெஷினுக்குப் போதாது என்பது என் கணக்கு. தொட்டியை உயர்த்துவது அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைப்பது, இரண்டில் ஒன்றுதான் வழி.

இதற்கு நேர்மாறாக, தண்ணீர் விடாமல் வந்துகொண்டே இருக்கும், ஆனால் நிரம்பாது. அப்போது கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். அதன் முனை தரை ஓட்டைக்குள் ஆழமாகச் செருகப்பட்டிருந்தால், சைஃபன் முறையில் உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வெளியே ஓடிவிடும். பம்ப் உள்ள மெஷின்களுக்கு இந்தக் குழாயின் முனையைச் சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கச் சொல்வார்கள். துல்லியமான அளவு உங்கள் மேனுவலில் இருக்கும். கழிவுக் குழாய்க்குள் காற்று புகாமல் துணி சுற்றித் திணிப்பதும் தவறு.

நடுவில் நின்றால்

வெந்நீர் புரோகிராம் மட்டும் நிற்கிறது, குளிர்ந்த நீரில் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஹீட்டர், சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர், கரன்ட், இந்த மூன்றில் ஒன்று. கரன்ட் எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக, 2000 வாட் ஹீட்டருக்குச் சுமார் 17 நிமிடம் ஆகும். துணியும் டிரம்மும் சூடாவது தனி. வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி அந்த விகிதத்தில் குறைவதில்லை. அந்த விகிதத்தின் வர்க்கத்தில் குறைகிறது. 180-ஐ 230-ஆல் வகுத்து, வந்த விடையை அதாலேயே பெருக்கினால் 0.61. அதாவது 61 சதவீதம். 17 நிமிட வேலைக்கு 27 நிமிடம். ஹீட்டர் மேல் உப்புப் படிவமும் சேர்ந்தால் இன்னும் கூடும். கோடைக்கால மாலை நேரத்தில், தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது மட்டும் உங்கள் மெஷின் நிற்கிறதா? காலையில் போட்டுப் பாருங்கள்.

ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று டிரம் நின்றுவிடும், அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி ஓடும் என்றால் மோட்டார் சூடாகிறது. அதற்குள் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டித்து, ஆறியதும் சேர்க்கிறது. துணியை அளவுக்கு மீறித் திணிப்பதை நிறுத்திப் பாருங்கள். கார்பன் பிரஷ் உள்ள பழைய வகை மோட்டாரில் பிரஷ் தேய்ந்தாலும் இப்படி விட்டு விட்டு நிற்கும். பிரஷ் மலிவான பொருள். மாற்றுவதற்கு மட்டும் ஆள் வேண்டும்.

தண்ணீரோடு நின்றால்

பாதியில் நிற்கும் மெஷின்களில் நான் அதிகம் பார்ப்பது இந்த வகை. துவைத்தாகிவிட்டது, அழுக்குத் தண்ணீர் உள்ளேயே நிற்கிறது, கதவும் திறக்காது. தண்ணீர் இருக்கும்போது கதவைத் திறக்கவிட்டால் வீடெல்லாம் வெள்ளம் என்று புரோகிராமுக்குத் தெரியும்.

எதிர் வீட்டு அக்கா ஒருநாள் காலையில் வந்து நின்றார். அவருடைய மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு நாளைக்கு மூன்று நான்கு விரிப்பு துவைத்தாக வேண்டிய வீடு.

"தம்பி, மிஷின் 9-லயே நிக்குது. தண்ணியும் போகல, கதவும் தொறக்கல. நேத்து மெக்கானிக் வந்து போர்டு போச்சுன்னுட்டார். எட்டாயிரம் ஆகுமாம். நாலு நாள் ஆகும்னு வேற சொல்றார். அதுவரைக்கும் இந்தத் துணியை எல்லாம் நான் எங்க கொண்டுபோய் அலசுறது?"

"எந்த இடத்துல நிக்குதுன்னு அவர் கேட்டாராக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. பட்டனை ரெண்டு தடவை தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான்."

கழிவுநீர் வெளியேறும் கட்டத்தில் எப்போதும் ஒரே நிமிடத்தில் நிற்கிறது. பம்ப்பைப் போடும் நேரத்தில் 'ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கிறது. அப்படியானால் போர்டு பம்ப்புக்குக் கரன்ட் கொடுக்கிறது. பம்ப் சுற்றவில்லை, அல்லது சுற்றியும் தண்ணீர் போகவில்லை. போர்டைச் சந்தேகிக்க அங்கே இடமே இல்லை.

ஃபிரன்ட் லோடு மெஷினின் முன்பக்கம், கீழ் மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும். பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் அதைத் திறந்திருக்கவே மாட்டார்கள். அதற்குள்தான் பம்ப் ஃபில்டர். திறக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீர் புரோகிராம் என்றால் தண்ணீர் ஆறும் வரை காத்திருங்கள். பக்கத்தில் மூடியோடு ஒரு சிறிய ரப்பர் குழாய் இருந்தால், அதை ஒரு தட்டையான பேசினுக்குள் இழுத்து மூடியைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். பேசின் நிறைந்ததும் மூடியைப் போட்டு, கொட்டிவிட்டு மறுபடியும். நான்கைந்து முறை ஆகும், பொறுமை வேண்டும். குழாய் இல்லாத மாடலில் ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி, கசியவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகுதான் ஃபில்டரை முழுதாகக் கழற்றலாம்.

அக்கா வீட்டு மெஷினில் வந்தவை: இரண்டு ரவிக்கைக் கொக்கி, ஒரு ஹேர்பின், ஒரு ரூபாய் நாணயம், சாம்பல் நிறத்தில் ஒரு பிடி நூல் பிசிறு. ஃபில்டரைக் கழுவிப் போட்டால் முடிந்தது என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு சின்னக் காற்றாடி தெரியும். அதன் மேல் மாமியாருக்கு விரித்த பழைய வேட்டியின் கரை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, கயிறு போல முறுக்கிச் சுற்றியிருந்தது. அதை எடுத்ததும் காற்றாடி விரலுக்குச் சுற்றியது. இந்தக் காற்றாடி ஃபேன் போல வழுவழுவென்று சுற்றாது. உள்ளே காந்தம் இருப்பதால் விட்டு விட்டு, தத்தித் தத்திச் சுற்றும். அதுதான் சரி. "தத்துகிறதே, கெட்டுவிட்டது" என்று பம்ப்பை மாற்றிவிடாதீர்கள். கண்ணாடித் துண்டோ ஊசியோ இருக்கலாம் என்பதால் வெறும் விரலை விடாமல் ஒரு குச்சியால் தள்ளிப் பார்ப்பது நல்லது.

மெஷின் அன்று மதியமே ஓடியது. பைசா செலவில்லை.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்குபவருக்கு உட்கார்ந்து தண்ணீர் வடிக்க நேரம் இல்லை. போர்டை மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பணம் கொடுப்பவர் நீங்கள். "போர்டுதான் என்று எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மல்டிமீட்டரை எடுக்காமல் சொல்லும் பதிலை நான் நம்புவதில்லை.

ஃபில்டர் சுத்தம், தண்ணீரும் வெளியேறிவிட்டது, ஆனாலும் ஸ்பின் வரவில்லை என்ற நிலை ஒன்று உண்டு. தண்ணீரின் அளவை மெஷின் எப்படி அறிகிறது தெரியுமா? தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே போகும். தண்ணீர் ஏறினால் அதற்குள் இருக்கும் காற்று அழுத்தப்படும். மேலே இருக்கும் பிரஷர் சென்சார் அந்த அழுத்தத்தை உணரும். அவ்வளவு எளிமை. அந்தக் குழாயின் வாயை சோப்புக் கசடு அடைத்துக்கொண்டால், சிக்கிய காற்று அப்படியே இருக்கும். தொட்டி காலியானாலும் "இன்னும் தண்ணீர் இருக்கிறது" என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும். புரோகிராம் அதை நம்பிக் காத்திருக்கும். நுரை அதிகமானாலும் இதே குழப்பம் வரும். பம்ப்பால் தண்ணீரைத் தள்ள முடியும், நுரையைத் தள்ள முடியாது. ஃபிரன்ட் லோடு மெஷினில் வாளித் துவையலுக்கான சாதாரண பவுடரைப் போடக்கூடாது என்பது இதனால்தான்.

பிழியும் நேரத்தில் நின்றால்

மெதுவாகச் சுற்றும், நிற்கும், எதிர்ப்பக்கம் சுற்றும், மறுபடி முயற்சி செய்யும். கடைசியில் துணியை ஈரமாகவே விட்டுவிட்டு நின்றுவிடும். இது பழுதல்ல, பயம். நியாயமான பயம். டிரம்மின் ஆரம் 25 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால், ஒரு பக்கமாக ஒதுங்கிய 1 கிலோ ஈரத்துணி சுமார் 400 கிலோ எடையின் விசையோடு டிரம்மை வெளியே இழுக்கும். மெஷின் நடந்து வாசலுக்கு வந்துவிடும். எனவே மெதுவான வேகத்தில் ஆட்டத்தை அளந்து பார்த்து, சமமாக இருந்தால்தான் புரோகிராம் வேகத்தைக் கூட்டும்.

ஒரே ஒரு ஜமக்காளம், ஒரே ஒரு கனமான துண்டு, இவை தனியாகப் போனால் சமப்படுத்த ஆளில்லை. கூட இரண்டு மூன்று துணியைப் போடுங்கள். மெத்தை உறை மற்றத் துணிகளை எல்லாம் விழுங்கி ஒரே மூட்டையாக நிற்கும். அதன் வாயைப் பொத்தானிட்டுப் போடுங்கள். ஐந்தரை மீட்டர் புடவை எல்லாத் துணியையும் கயிறு போலக் கட்டிவிடும். வலைப் பைக்குள் போட்டால் தொல்லை இல்லை.

மெஷின் நிற்கும் தரையையும் பாருங்கள். நம் குளியலறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகத்தான் போடப்பட்டிருக்கும். கால் திருகுகளைத் திருகி மெஷினை மட்டமாக்குங்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் போதும். புது மெஷின் முதல் நாளே டமடமவென்று அதிர்ந்து நின்றால், பின்பக்கம் பயணத்துக்காகப் போட்டிருந்த நீளமான போல்ட்டுகளைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

டாப் லோடு மெஷின்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுடையதில் பம்ப்பே இல்லாமல் இருக்கலாம். ஒரு வால்வு திறந்து, தண்ணீர் தானாகக் கீழே வடியும் வகை. அப்படியானால் கழிவுக் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். வாசற்படி மேல் ஏற்றி இறக்கினால் தண்ணீர் ஏறாது, பாதியில் நிற்கும். முன்னே சொன்ன 60 சென்டிமீட்டர் கணக்கு உங்களுக்கு இல்லை. மூடி சரியாக மூடவில்லை என்றாலும் ஸ்பின் வராது.

எழுத்துகள் என்ன சொல்கின்றன?

நின்றதும் டிஸ்பிளேயில் தெரிவது மெஷின் எழுதும் எர்ரர் மெசேஜ். எல்.ஜி. மெஷின்களில் 'ஐ.இ.' என்றால் தண்ணீர் வரவில்லை, 'ஓ.இ.' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, 'யூ.இ.' என்றால் துணி சமமாக இல்லை, 'டி.இ.' என்றால் கதவு. சாம்சங்கில் '4இ' அல்லது '4சி' தண்ணீர் வரவில்லை, '5இ' அல்லது '5சி' வெளியேறவில்லை. இந்த 5 பார்வைக்கு எஸ் போலவே இருக்கும், குழம்ப வேண்டாம். மற்ற கம்பெனிகளின் பட்டியல் மேனுவலில் இருக்கும். மேனுவல் தொலைந்துவிட்டால், மாடல் நம்பரைக் கதவின் உள்விளிம்பிலோ பின்பக்கமோ பார்த்து, கம்பெனியின் வெப்சைட்டிலிருந்து பி.டி.எஃப். ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வாங்கியதற்கு இது ஒரு நல்ல உபயோகம். எல்.ஜி.யின் சில மாடல்கள் பழைய டயல்-அப் மோடம் போலக் கீச்சிட்டு, போன் வழியாகத் தங்கள் நோயைச் சொல்லவும் செய்யும்.

ஒன்று நினைவிருக்கட்டும். 'ஓ.இ.' என்றால் "பம்ப் கெட்டுவிட்டது" என்று அர்த்தமில்லை. "தண்ணீர் போனதாக எனக்குத் தகவல் வரவில்லை" என்பதுதான் அர்த்தம். கெட்டது பம்ப்பா, கொக்கியா, மடங்கிய குழாயா என்பது மெஷினுக்குத் தெரியாது.

ரீஸ்டார்ட் செய்யலாமா?

தாராளமாக. பிளக்கைப் பிடுங்கி ஐந்து பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். கரன்ட் போய் வந்த அதிர்ச்சியில் சிப் குழம்பியிருந்தால் தெளிந்துவிடும். ஆனால் மறுபடியும் அதே இடத்தில் நின்றால் இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்வதில் பயனில்லை. புரோகிராம் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, அதே இடத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் போர்டு கெடவே கெடாதா? கெடும். அதன் அடையாளம் வேறு. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும், பட்டன்கள் தாமாக மாறும், விளக்கே எரியாது, அல்லது கருகிய வாடை வரும். நம் ஊரில் பல்லியும் கரப்பான் பூச்சியும் சூடு தேடிப் போர்டுக்குள் புகுந்து ஷார்ட் செய்வதும் உண்டு. மெஷின் பின்பக்கத்தை நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். குளியலறை ஈரத்தில் அது விளையாட்டல்ல. புதுப் போர்டு வாங்கும் முன், பழையதை ரிப்பேர் செய்யும் கடை உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எரிந்தது ஒரு சின்ன ரிலேயாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அந்த உதிரிப் பாகங்கள் தனியாகவே கிடைக்கும். புதுப் போர்டுதான் என்று முடிவானால், கழற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.